சூரைக்குச் சிவப்பு

கப்பலில் பதினோரு வருஷம்
குப்பி திறந்தவர் பிலவேந்திரன்.
முழங்கையில் மடித்த வெள்ளைத் துண்டு,
கழுத்தில் கறுப்பு முடிச்சு.
சிவப்புக்கு ஆடு, வெள்ளைக்கு மீன்.
அங்கே அது கட்டளை,
பத்துக்கு அடுத்த பதினொன்றாவது.

தங்கச்சிமடத்தில் வந்து இறங்கியபோது
பெட்டியில் இருந்தவை
ஒரு தக்கைத் திருகியும்
எந்தப் புயலிலும் உடையாமல் வந்த
ஒரு கால்வைத்த கண்ணாடியும்.
இங்கே தட்டில் எந்நேரமும் மீன்.
சந்தையிலோ கறுப்புத் திராட்சை மட்டும்.
கட்டளையை என்ன செய்வார் மனுஷன்?

அக்டோபர் வந்தால்
கம்பத்துப் பன்னீர் திராட்சை
மதுரை பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில்
பாலம் தாண்டி வரும்,
பாதி நசுங்கி, மீதி எறும்போடு.
பதினாறு கிலோ.
என் மீன் தராசில்தான் நிறுத்தேன்.
அவர் முகம் சுருங்கியது.
சோப்புப் போட்டுக் கழுவியதுதான் என்றேன்.

இதில் எங்கள் மண் எதுவும் இல்லை.
தென்னை வரும் இந்த மணலில், முருங்கை வரும்,
கேட்காமலே சீமைக் கருவேலம் வரும்.
கிணற்றடியில் நட்ட கொடியை
உப்புக்காற்று மூன்றே மாதத்தில்
நக்கித் தீர்த்துவிட்டது.
ஜாடிக்குள் போனது
சீனி, கிராம்பு, ஒரு பிடி கோதுமை,
துணி வழியாக நுழைந்த கடற்காற்று.
எங்கள் பங்கு அந்தக் காற்றுதான்.

போன வருஷம் துணியை
நான் சரியாகக் கட்டவில்லை என்றார்.
வெயில் என்றேன்.
திறந்தால் காடி.
மூன்று நாள் பேச்சில்லை.
நான் பூண்டு உரித்து, மிளகாய் அரைத்து
அந்தக் காடியிலேயே வஞ்சிரத்தை ஊறப்போட்டு
நாற்பது பாட்டில் ஊறுகாய்,
பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திப்
படம் எடுப்பவர்களிடம் விற்றேன்.
திராட்சைக் காசு வந்துவிட்டது.
ஜாடிக் காசு இன்னும் வரவில்லை.

இந்த வருஷம், இருபத்துநாலாம் தேதி ராத்திரி,
தகரத்தில் மழை.
அவருக்குக் கண்ணாடி, எனக்கு எவர்சில்வர் டம்ளர்.
சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார்.
மரம் என்றார். தோல். கொஞ்சம் புகை.
எனக்கு வந்ததைச் சொன்னேன்:
நாவல்பழம் தின்ற நாக்கு,
நனைந்த வடக்கயிறு,
கோயிலில் பூசை உடுப்பு வைக்கும் அலமாரி.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

முதலில் இறால். வாயெல்லாம் துருப்பிடித்த ஆணி.
அவர் துப்பினார். நான் விழுங்கினேன்,
கிலோ அறுநூறு.
நண்டு தானே பேசிக்கொண்டிருந்தது,
இது வாயைத் திறக்கவில்லை.
கணவாயை மிளகில் பிரட்டி வைத்தேன்.
கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்த
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்.
கருவாட்டை எடுத்ததும்
கையெடுத்துக் கும்பிட்டார்.

கடைசியாகச் சட்டியில் நேற்றைய சூரை.
கூடையில் மிஞ்சியது.
ரத்தம் அதிகம் என்று
தெருவே ஒதுக்கிவிட்ட மீன்.
வெட்டும்போது கத்தி சிவக்கும்,
துண்டு கிடப்பது ஆட்டுக்கறி போலவே கிடக்கும்.
புளி இறங்கி, இரவு தாண்டி,
கறுத்துப் போயிருந்தது குழம்பு.

ஒரு வாய் மென்றார்.
ஒரு மடக்கு.
திரும்ப ஒரு வாய்.
கப்பலில் இவர் யாருக்கெல்லாம் ஊற்றினாரோ
அவர்கள் முகம் அப்போது
இப்படித்தான் இருந்திருக்குமோ என்னவோ.
மழை மட்டும் கேட்டது.
கட்டளை உடைந்ததா,
இல்லை சூரைதான் ஆடாகிவிட்டதா,
நானும் கேட்கவில்லை.

கித்தேரி, எழுதி வை என்றார்.
மாதா காலண்டரின் பின்பக்கம் எழுதினேன்:
இறால் வேண்டாம். சூரை சரி.
நேற்று வைத்த குழம்பு மட்டும்.

நடுச்சாமப் பூசைக்கு முதல் மணி அடித்தது.
நன்மை வாங்க
ஒரு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும்.
சுவரில் பத்து நாற்பது.
சட்டியில் இன்னும் ஒரு துண்டு,
வால் பக்கம்,
குழம்பில் பாதி முங்கி.